கண்ணாடி மட்டும் மாற்றச் சொன்ன வாட்ச்

பழைய வாட்சுக்கு எதனால் விலை கூடுகிறது என்று எழுதித் தரச் சொல்லி பிரேமா மூன்று மாதமாக என்னை நச்சரிக்கிறாள். கல்மண்டபத்தில் நான் வேலை பார்த்த வாட்ச் சர்வீஸ் கடையில் கவுன்ட்டரில் இருந்தவள் அவள். இப்போது பழைய வாட்சுகளைத் தேடி வாங்கி, சேகரிப்பவர்களுக்கு விற்கிறாள். அவர்களுக்காக ஒரு வாட்ஸப் குழுவும் வைத்திருக்கிறாள். டாக்டர், வக்கீல், கப்பல் என்ஜினீயர் எல்லாம் அதில் இருக்கிறார்களாம். "அக்கா, முப்பத்தி நாலு வருஷம் டயல் ரூம்ல இருந்தவங்க நீங்க. ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. உங்க பேச்சுக்கு ஒரு மரியாத கீது" என்றாள். மரியாதையாம்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு.

சரி, எழுதுகிறேன். ஒரு வரியில் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். என்னைப் போன்ற ஆளின் கை படாமல் தப்பித்த வாட்சுக்குத்தான் விலை.

என் வேலை டயலைப் புதுசாக்குவது. மணி எண்களும் கோடுகளும் இருக்கிற அந்த வட்டத் தகட்டுக்குத்தான் டயல் என்று பெயர். அது மங்கினால், கறை பிடித்தால், தண்ணீர் இறங்கிப் பொரிந்தால் என் மேஜைக்கு வரும். பழைய பெயின்ட்டைக் கரைத்துவிட்டுப் புதுசாக அடிப்பேன். அன்றைக்கு வாட்ச் கொண்டு வந்த அத்தனை பேரும் கேட்டது ஒன்றுதான்: "புதுசு மாதிரி பண்ணிக் குடுங்க." நானும் பண்ணிக் கொடுத்தேன். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் எத்தனை மணிக்கட்டில் என் கைவேலை ஓடிற்று என்று ஒரு காலத்தில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள்தான் நான்.

இப்போது சேகரிப்பவர்கள் தேடுவதெல்லாம் அதற்கு நேர் எதிர். கேஸின், அதாவது வெளிக்கூட்டின், ஓரம் பாலிஷ் போட்டு மழுங்கியிருக்கக் கூடாது, கீறல் இருந்தாலும் பரவாயில்லை. இருட்டில் ஒளிர்வதற்காக முள்ளில் பூசிய மருந்தும் டயலில் பூசிய மருந்தும் ஒரே மாதிரி மஞ்சளாகி இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டும் சேர்ந்தே பிறந்தவை என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேல் டயல். கறுப்பு டயல் வெயிலில் காய்ந்து காய்ந்து பழுப்பாகிவிட்டால் அதற்கு உயிரையே விடுகிறார்கள். உலகத்தில் இரண்டு வாட்ச் ஒரே மாதிரி பழுக்காதாம். அந்தப் பழுப்பை நான் அழுக்கு என்று நினைத்துப் பஞ்சால் துடைத்து எறிந்திருக்கிறேன். ஒன்றா, இரண்டா!

நான் வேலைக்குச் சேர்ந்த கதையில் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எனக்குக் கை நடுங்காது என்று யாரோ சொல்லி, ஜமால் சார் கடையில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு வருடம் கெட்டுப்போன டயல்களில் பழகினேன், மூன்றாவது வருடம் தனி மேஜை கொடுத்தார்.

ஜமால் சாரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருப்பார், ஆனால் வாட்ச் கட்ட மாட்டார். வாட்ச் கைக்கு வந்ததும் முதலில் காதில் வைப்பார். பிறகுதான் கண்ணில். யாரையும் திட்டியதில்லை. நீங்கள் தப்பு செய்திருந்தால், கண்ணில் மாட்டியிருக்கும் லென்சைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, எதிர்க் கடையில் இரண்டு டீ சொல்லுவார். ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு. டீ வந்து, ஆறிக் குடித்து முடிக்கும் வரை பேசவே மாட்டார். அவர் வாங்கித் தருகிற டீக்குப் பயந்தே நாங்களெல்லாம் ஒழுங்காக வேலை செய்தோம்.

அவர் கண்டிப்பு முழுக்க ஒரு நோட்டில் இருந்தது. வேலைக்கு வரும் ஒவ்வொரு வாட்சையும் அதில் எழுத வேண்டும். யார் கொண்டு வந்தார்கள், எந்த ஊர், அதற்குப் பக்கத்தில் அவர்கள் சொன்ன குறை. அதுவும் அவர்கள் வாயில் வந்தபடியே. "உன் அறிவ அதுல கலக்காத. கஸ்டமர் சொன்னத எழுது, கேட்டத செய். கேக்காதத செய்யாத" என்பார். அதனால் அந்த நோட்டே ஒரு வேடிக்கை. 'சோத்துக்கை பக்கம் கட்டினால் ஓடுது, பீச்சாங்கையில் நிக்குது' என்று ஒரு வரி. 'மாமியார் வீட்டுக்குப் போனால் மட்டும் லேட்' என்று ஒரு வரி. பெரம்பூர் ஒர்க்ஷாப் ஃபிட்டர் ஒருவர், 'இதுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை' என்று சொன்னதைக்கூட எழுதியிருக்கிறோம். எந்த நோட்டையும் அவர் தூக்கிப் போட்டதில்லை. எல்லாம் பரண் மேல் வருட வாரியாக அடுக்கியிருக்கும்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இதற்காகத்தான் இத்தனை சுற்று.

எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. ஜமால் சார் மகளின் பிரசவத்துக்காக வாணியம்பாடி போயிருந்தார். ஒரு வாரம் கடை என் பொறுப்பு. அப்போது எண்ணூர்க் குப்பத்திலிருந்து கன்னியம்மா என்கிற அம்மா வந்தார். அவர் புருஷன் எல்லப்பன் துறைமுகத்தில் இழுவைப் படகை ஓட்டும் சாரங்காக இருந்தவர், செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மகள் சுமதிக்கு அடுத்த வாரம் கல்யாணம். எல்லப்பன் கட்டியிருந்த வாட்சை மாப்பிள்ளைக்குப் போட வேண்டும். வெளிநாட்டுக் கப்பல்காரரிடம் வாங்கிய முழுகு வாட்ச் அது, கடலுக்குள் இறங்குகிறவர்கள் கட்டுவது. கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது.

"கண்ணாடி மட்டும் மாத்திக் குடும்மா. வேற எத்தயும் தொட்டுறாத. இருவது வருசமா அந்த மனுசன் பாத்துகினு இருந்தது" என்றார்.

"சரிக்கா" என்றேன். நோட்டில் 'எண்ணூர் எல்லப்பன் சம்சாரம். கண்ணாடி மாத்தணும்' என்று எழுதினேன். மிச்சத்தை எழுதவில்லை. ஜமால் சார் இருந்திருந்தால் 'வேற எத்தயும் தொட்டுறாத' என்பதையும் எழுத வைத்திருப்பார். மூன்று வார்த்தைதானே என்று விட்டேன்.

உடைந்த கண்ணாடியை எடுத்ததும் டயல் வெளிச்சத்துக்கு வந்தது. கறுப்பு டயல்தான். ஆனால் இருபது வருடம் படகின் மேல்தட்டு வெயிலில் கிடந்து முழுக்கப் பழுப்பாகியிருந்தது. நடுவில் கருப்பட்டி நிறம், ஓரத்துக்குப் போகப் போக வெளிறல். கல்யாண மாப்பிள்ளை இதைக் கட்டிக்கொண்டு பந்தலில் நின்றால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். அப்பன் இல்லாத பெண், பழைய சாமானைத் தள்ளிவிட்டார்கள் என்று பேச மாட்டார்களா? பாவமாக இருந்தது. அது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, அந்த மாதம்தான் எனக்குக் கறுப்பு கைகூடியிருந்தது. ஆழமான, புள்ளி விழாத கறுப்பு. நல்ல வாட்ச் ஒன்றில் அதைப் போட்டுப் பார்க்கக் கை அரித்தது.

முள்களை எடுத்துப் பேப்பரில் வைத்தேன். டயலின் கால்களைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் தளர்த்தினேன். தகடு கழன்று வந்தது. பெயின்ட்டைக் கரைக்கிற மருந்துக் கிண்ணத்தில் போட்டேன். பழுப்பு டீ டிகாக்‌ஷன் மாதிரி இழை இழையாகக் கரைந்து இறங்கிற்று. இரண்டு நிமிடத்தில் வெறும் பித்தளை. அப்போதாவது ஒரு நெருடல் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. பொடி போட்டுத் தேய்த்து, கழுவி, உலர்த்தி, மெல்லிசாக மூன்று தடவை கறுப்பு அடித்து, பல்பு எரிகிற பெட்டியில் ஒரு நாள் வைத்தேன். மறுநாள் அச்சு. எழுத்து வெட்டிய தகட்டில் வெள்ளை மையை வழித்து, மெத்தென்ற உருண்டையால் ஒற்றி எடுத்து, மூச்சை அடக்கி ஒரே தரம் டயல் மேல் அமுக்க வேண்டும். இரண்டாவது தரம் கிடையாது. ஒரே அமுக்கில் அத்தனை கோடும் விழுந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு! முள்ளுக்கும் புது மருந்து பூசி, புதுக் கண்ணாடியும் போட்டேன்.

கன்னியம்மா வாங்க வந்தபோது வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது அவுரு வாட்சு இல்லியே" என்றார்.

"அதேதான்க்கா. புதுசா பண்ணிட்டேன். துட்டு வேணாம், கல்யாணத்துக்கு என் மொய்யின்னு வெச்சுக்கோ."

முந்தானையால் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தார், அழுக்கு போனால் பழையது தெரியும் என்பது போல. பிறகு மடியில் முடிந்துகொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். கல்யாண வேலை தலைக்கு மேல் இருந்தது அந்த அம்மாவுக்கு. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட மடைச்சி!

அன்று சாயங்காலம் பயம் வந்தது. ஜமால் சார் நோட்டைப் பார்ப்பார். மை செலவானதைப் பார்ப்பார். கேட்காத வேலை செய்தது தெரிந்தால் டீ வரும். நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. 'டயலும் புதுசு பண்ணணும்' என்று சேர்த்து எழுதினேன்.

அவர் வந்து நோட்டைப் படித்தார். அந்த வரியில் விரல் நின்றது.

"டயலு அந்தம்மாவே கேட்டாங்களா வசந்தா?"

"ஆமா சார்."

"பழசு எப்டி இருந்திச்சு?"

"பழுப்படிச்சிருந்திச்சு சார்."

தலையை ஆட்டினார். பக்கத்தைத் திருப்பினார். டீ சொல்லவில்லை. நானும் தப்பித்தோம் என்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. ஜமால் சார் போய்ச் சேர்ந்தார். கடையை அவர் குடும்பத்தார் நடத்தினார்கள். பழைய வாட்சுக்கு மவுசு வந்துவிட்டது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேகரிப்பவர் ஒருவர் கடைக்கே வந்து உட்காருவார். பிரேமா பழைய வாட்ச் வைத்திருப்பவர்களை வரச்சொல்லுவாள். நான் ரிட்டயர் ஆக இரண்டு மாதம் இருக்கும்போது, அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சுமதியும் அவள் புருஷன் முருகேசனும் வந்தார்கள்.

முருகேசன் அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறவர். ஃபைபர் படகு ஒன்று எஞ்சினோடு விலைக்கு வந்திருக்கிறது, வாட்சை விற்று அதை வாங்கிவிட்டால் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று சுமதி பிரேமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சில் எல்லப்பன் பெயர் வந்ததும் எனக்குக் கை நின்றுபோயிற்று. என் மேஜைக்கும் அவர்களுக்கும் ஆறடி தூரம்கூட இல்லை.

சேகரிப்பவர் வாட்சைப் பின்பக்கம் திறந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "மெஷின் அருமையா இருக்கு. கேஸை யாரும் பாலிஷ் போடலை. இந்த மாடலை நேர்ல பார்க்கிறதே எனக்கு இதான் ரெண்டாவது தடவை" என்றார். சுமதி முருகேசனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர் திருப்பி, லென்சை வைத்து டயலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். லென்சைக் கீழே வைத்தார்.

"டயலுக்கு மறுபடி பெயின்ட் அடிச்சிருக்காங்கம்மா. நல்லாத்தான் அடிச்சிருக்காங்க. ஆனா போச்சு. ஒரிஜினல் டயல் இருந்திருந்தா நீங்க கேக்கற போட்டை இது ஒண்ணே வாங்கிக் குடுத்திருக்கும். இப்ப மெஷினுக்கு உண்டானதுதான் தர முடியும்."

"யார் சார் பெயின்டு அட்ச்சது?" என்றார் முருகேசன். குரல் உயர்ந்துவிட்டது.

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்கம்மா இந்தக் கடையிலதான் குட்த்துது" என்றாள் சுமதி.

பிரேமா உதவி செய்கிற எண்ணத்தில் பரணில் ஏறினாள். கல்யாணம் எந்த மாதம் என்று கேட்டு நோட்டை எடுத்தாள். சத்தமாகப் படித்தாள். "எண்ணூர் எல்லப்பன் சம்சாரம். கண்ணாடி மாத்தணும், டயலும் புதுசு பண்ணணும்."

முருகேசன் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. "பாத்தியா உங்கம்மா வேலய? நோட்டுலயே கீது" என்றார். சுமதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. அதைச் சொல்வதற்கு வாக்கியம்கூட எனக்குத் தயாராக இருந்தது. 'இல்லம்மா, உங்கம்மா கேக்கல, நான்தான் பண்ணேன்.' அவ்வளவுதான். ஆனால் எதிரில் சேகரிப்பவர், பக்கத்தில் பிரேமா, இன்னும் இரண்டே மாதத்தில் சால்வை போட்டு அனுப்பப் போகிற கடை. கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு, கையில் இருந்த டயலைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர்கள் வாட்சை விற்காமலே எடுத்துக்கொண்டு போனார்கள்.

நாலு நாள் கழித்துக் கன்னியம்மா வந்தார். வயசாகி இடுப்பு வளைந்திருந்தது. உள்ளறைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, பிரேமாவிடம் நான் லீவு என்று சொல்லச் சொன்னேன். மறுபடி வந்தார், மறுபடி லீவு. மூன்றாம் தடவை ஒரு மணி நேரம் வாசல் படியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். ஏதோ ரிப்பேர் தகராறு என்று பிரேமாவுக்குச் சொல்லிவைத்தேன். அதன் பிறகு அவர் வரவில்லை. நான் சால்வை வாங்கிக்கொண்டு திருவொற்றியூருக்கு வந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்டேன். நாலு வருடம் ஆகிறது.

போன மாதம் பிரேமா கேட்ட இந்தக் கட்டுரைக்காகப் பேப்பரை எடுத்தேன். கேஸ், முள், டயல் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்து, காகிதம் என்பதற்கு வந்தேன். வாட்ச் வாங்கிய ரசீது, சர்வீஸ் செய்த குறிப்பு இதெல்லாம் கூட இருந்தால் விலை ஏறும். 'ஆள் மாற்றிப் பேசலாம், காகிதம் மாற்றிப் பேசாது' என்று எழுதினேன். எழுதிய கையாலேயே அந்தத் தாளைக் கிழித்தேன். பிரேமா, நீ அன்று படித்த வரியில் பாதி என் பொய். உனக்கே இப்போதுதான் தெரிகிறது. இதை உன் குழுவில் அப்படியே போடு, ஒரு எழுத்தும் எடுக்காதே.

தாளைக் கிழித்த மறுநாள் காலையில் எண்ணூருக்கு பஸ் ஏறினேன். குப்பத்தில் எல்லப்பன் சாரங்கு வீடு என்றதும் காட்டிவிட்டார்கள். கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து இறாலுக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். எந்த யோசனையும் இல்லாமல் அடையாளம் கண்டுகொண்டார்.

"லீவு முடிஞ்சிச்சா?" என்றார்.

நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். சத்தம் கேட்டுச் சுமதி வெளியே வந்து நின்றாள். சொன்னேன். "அக்கா, நீ கண்ணாடி மட்டும்தான் மாத்தச் சொன்ன. வேற எதையும் தொடாதன்னு சொன்ன. நான்தான் கேக்காம டயல அழிச்சிட்டேன். நோட்டுலயும் நீ கேட்டதா பொய்யா எழுதிட்டேன்."

சுமதியின் கை வாய்க்குப் போயிற்று. "ஐயோ, அத்தத்தான் எங்கம்மா சொல்லிகினே கெடந்துது. கட எழுத்து பொய் சொல்லுமா, நீதான் பொய் சொல்றேன்னு நான் இத்த எவ்ளோ பேசிட்டேன்" என்றாள். அவள் சொல்லச் சொல்லத்தான் மிச்சம் தெரிந்தது. கரையில் கூலி குறையும்போதெல்லாம், முதலாளியிடம் சண்டை வரும்போதெல்லாம் முருகேசன் வீட்டுக்கு வந்து, "என் போட்டுக்கு என் மாமியா பெயின்டு அட்ச்சிட்டாங்க" என்பாராம். அது குப்பத்துக்கே ஒரு கேலிப் பேச்சாகிவிட்டதாம். மீன் இறக்கும் இடத்தில், தண்ணீர்க் குழாயடியில், கல்யாண வீட்டில். நாலு வருடம்.

"மன்னிச்சிடுக்கா" என்று அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். இறாலை ஒதுக்கிவிட்டுக் கையைக் கழுவினார். சுவரைப் பிடித்து எழுந்தார்.

"மருமவன் உள்ள கீறாரு. அவுரு காதுல வுழறா மாறி இன்னொரு தபா சொல்லு."

உள்ளே போய், பாயில் படுத்திருந்த முருகேசனிடம் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். மாமியாரைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை அவரால். கன்னியம்மா என் முழங்கையைப் பிடித்தார், கெட்டியான பிடி. தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். எதிர் வரிசையில் ஏழெட்டுப் பெண்கள் வலை பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இங்க சொல்லு" என்றார்.

மூன்றாவது தடவை சொன்னேன். பாதியில் நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முதலிலிருந்து சொன்னேன். வலை பிரிக்கிற கைகள் நின்றன. கன்னியம்மா அழவில்லை, என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. வளைந்த இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார்.

"கேட்டுக்கினீங்களாடி எல்லாரும்?" என்றார்.